வண்டிக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்? கடலூர், புதுச்சேரி பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பங்கில் வண்டியை நிறுத்தியதும் "நார்மலா, பவரா சார்?" என்று கேட்பார்கள். பின்னால் வரிசை கட்டி வண்டிகள் நிற்கும். அந்த அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம். எந்த ஆக்டேன், அதாவது இன்ஜினுக்குள் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண் எவ்வளவு உள்ள பெட்ரோல் வேண்டும் என்ற முடிவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு பங்குக்குப் போக வேண்டும்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் முதலில் விலை கூடிய பெட்ரோலைப் போட்டுப் பார்க்கிறார்கள். சரிவரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். மேனுவலைக் கடைசியில்தான் திறக்கிறார்கள், சிலர் அதுவும் இல்லை. கீழே உள்ள வரிசை இதற்கு நேர் எதிர். வரிசையை மாற்றாமல் செய்தால் பாதிப் பேருக்கு நான்காவது படியிலேயே விடை கிடைத்துவிடும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் ஓனர்ஸ் மேனுவல், ஆர்.சி., கடைசி சர்வீஸ் பில், கணக்கு எழுத ஒரு நோட்டு அல்லது போன். இவ்வளவுதான்.

ஆர்.சி. எதற்கு என்றால், வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று பார்க்க. பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். ஷோரூமில் மாதக்கணக்கில் நின்ற வண்டியும் புது வண்டியாகத்தான் பதிவாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் விஷயத்தில் தயாரான தேதிதான் கணக்கு.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு மேனுவல் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் இணையதளத்தில் மாடல் பெயரையும் ஆண்டையும் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். அதே மாடலின் வெளிநாட்டுப் பதிப்பை இறக்கிவிடாதீர்கள். இன்ஜின் செட்டிங் நாட்டுக்கு நாடு மாறும், கூடவே ஆக்டேன் எண்ணும் மாறும்.

2. மேனுவலில் ஆக்டேன் எண்ணைத் தேடுங்கள்

"எரிபொருள்" என்ற பக்கத்திலோ, பின்பக்கத் தொழில்நுட்ப விவர அட்டவணையிலோ இருக்கும். சில வண்டிகளில் டேங்க் மூடியின் உட்பக்கத்திலோ மூடிக்குப் பக்கத்திலோ ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும்.

எண்ணோடு சேர்ந்து வரும் சொல்லைக் கவனியுங்கள். "குறைந்தபட்சம் 91" என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே போவது உங்கள் விருப்பம். "95 பரிந்துரைக்கப்படுகிறது, 91-ம் பயன்படுத்தலாம்" என்றால் 91-ல் வண்டிக்குக் கெடுதல் இல்லை, கம்பெனி சொன்ன முழு இழுவை 95-ல்தான் என்று பொருள். இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது, அந்த எண் எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள். நம் நாட்டில் ஆர்.ஓ.என். முறை. அமெரிக்காவில் ஏ.கே.ஐ. என்று வேறொரு முறை, சில மேனுவலில் அதையே பி.ஓ.என். என்று போட்டிருப்பார்கள். ஒரே பெட்ரோலுக்கு அந்த முறையில் நான்கு ஐந்து எண் குறைவாக வரும். அவர்கள் ஊர் 87 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92. அவர்கள் ஊர் 91 என்பது நமக்கு 95, 96.

அமெரிக்கக்காரர் வீடியோவில் "இந்த பைக்குக்கு 91 போதும்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, இங்கே நார்மல் 91 ஆக இருந்த காலத்தில் அதைப் போட்டு, வெயிலில் இன்ஜின் கடகடவென்கிறது என்று வந்தவர்கள் உண்டு. அவர் சொன்னது 95-ஐ.

மேனுவலில் கம்ப்ரஷன் விகிதமும் இருக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதுதான் அது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 9.5:1, ஹிமாலயன் 450-க்கு 11.5:1, யமஹா ஆர்15-க்கு 11.6:1. விகிதம் கூடக் கூட இன்ஜின் அதிக ஆக்டேன் கேட்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கூலன்ட் ஓடும் இன்ஜினா, வெறும் காற்றில் குளிரும் இன்ஜினா, எரியும் அறையின் வடிவம் என்ன, ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று எல்லாமே கணக்கில் வரும். கம்பெனிக்காரன் இவற்றை எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு எண்ணை எழுதியிருக்கிறான். அந்த எண்ணை விட்டுவிட்டு நாமே விகிதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டியதில்லை.

3. அந்த எண் சொல்வதும் சொல்லாததும்

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அழுத்துகிறது. அழுத்தினால் சூடேறும். ஸ்பார்க் விழுந்து, தீ ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். அது முழுவதும் பரவி முடிப்பதற்குள் ஒரு மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்படித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன்.

அது சக்தியின் அளவு இல்லை. 100 போட்டால் 91-ஐ விட வேகம் கூடும் என்று நினைப்பது, இந்த விஷயத்தில் இருக்கும் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு. கூடுதல் ஆக்டேனால் பயன் வேண்டும் என்றால், ஸ்பார்க்கை முன்னே தள்ளிக்கொள்ளும் வசதி வண்டியில் இருக்க வேண்டும். அதற்கு, நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் வேண்டும். நம் தெருவில் ஓடும் 100, 125, 150 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. ஸ்பார்க் நேரத்தைக் கம்பெனி முன்பே எழுதி வைத்துவிட்டது. நீங்கள் எந்தப் பெட்ரோலை ஊற்றினாலும் அது அதே நேரத்தில்தான் விழும்.

4. வண்டியின் வயதையும் எத்தனாலையும் பாருங்கள்

ஆக்டேன் பற்றி நம்மவர்கள் பேசும் பேச்சில் பாதி பழைய கணக்கு. நார்மல் என்றால் 91, பிரீமியம் என்றால் 95 என்று மனதில் பதிந்திருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ20. எத்தனாலின் ஆக்டேன் பெட்ரோலை விட மிக அதிகம். அதனால் கலவையின் எண்ணும் மேலே போகிறது. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில், முன்பு 91 ஆக இருந்தது இ20-ல் 95 ஆகியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இ20-க்கான இந்தியத் தர விதியும் குறைந்தபட்சம் 95 என்றுதான் கேட்கிறது.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மேனுவலில் 91 என்று இருக்கும் வண்டிக்கு, நார்மல் பெட்ரோலிலேயே தேவைக்கு மேல் நான்கு எண் கிடைத்துவிடுகிறது. ஸ்பிளெண்டர், ஷைன், ஆக்டிவா, கிளாசிக் ஓட்டுபவர்களுக்கு ஆக்டேனைப் பற்றிய கவலை இத்தோடு முடிந்தது.

அவர்களுக்கு மிச்சம் இருக்கும் கேள்வி வேறு: எத்தனாலை வண்டி தாங்குமா? 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ரப்பர் குழாய், வாஷர், ஓ-ரிங் எல்லாம் இ20-க்கு ஏற்றபடி மாற்றப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில், குறிப்பாக கார்புரேட்டர் வண்டிகளில், பழைய ரப்பர் உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கலாம். சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை, சில நூறு ரூபாய் வேலை.

மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, இ20-க்கு என்று செய்யப்படாத இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று கணித்தது. லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 48 கொடுத்தால் பதற வேண்டாம். 40 கொடுத்தால் அது எத்தனால் இல்லை, வேறு கோளாறு.

எத்தனாலுக்குப் பயந்து 95, 97 பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: ஆக்டேன் எண் பெரிதாக இருந்தால் எத்தனால் இல்லை என்று ஆகாது. இரண்டும் தனித்தனி விஷயம்.

5. உங்கள் பாதையில் எந்தப் பங்கில் என்ன கிடைக்கிறது

தினமும் போகும் வழியில் உள்ள பங்குகளை ஒருமுறை நோட்டம் விடுங்கள். பம்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள், பெயரைப் படிக்காதீர்கள். இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, எக்ஸ்பி100 என்று பெயரிலேயே எண் இருக்கிறது. பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீட் 97 என்று ஒன்று. பெயரில் எண் இல்லாத பிரீமியம் வகைகளும் உண்டு. அவற்றில் விலைக்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் சேர்மானம்தான். எண் எவ்வளவு என்று கேளுங்கள். "பவரு சார், நல்லா இழுக்கும்" என்பது பதில் இல்லை.

100 ஆக்டேன் எல்லாப் பங்கிலும் கிடைக்காது. விலை நார்மலைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். உங்கள் வண்டிக்கு 100 வேண்டும் என்று மேனுவல் சொன்னால் ஒழிய அதை மறந்துவிடலாம். சொல்லாது.

கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடை கதை தெரியும். எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி, அங்கே வரி குறைவு, பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. கன்னியக்கோவில் பக்கம் பங்குகளில் டி.என். 31 வண்டிகள் வரிசையில் நிற்பதை எந்த மாலையிலும் பார்க்கலாம். வேலைக்காகப் புதுச்சேரி போய்வருபவர் அங்கே நிரப்புவது புத்திசாலித்தனம். மஞ்சக்குப்பத்தில் இருந்து பெட்ரோலுக்காக மட்டும் போய்வருபவர், போகவர எரியும் பெட்ரோலைக் கழித்துப் பார்த்தால் கையில் ஒரு டீக்காசு நின்றால் அதிசயம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மிச்சக் காசில் பிரீமியம் போடுவது இன்னொரு பழக்கம். எல்லை மாறினால் விலை மாறும், வண்டியின் தேவை மாறாது.

6. பெட்ரோலை மாற்றும் முன் வண்டியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வண்டியில் சத்தம் வருகிறது என்றதும் பெட்ரோலைக் குறை சொல்கிறார்கள். அதிக ஆக்டேன் போட்டால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் நோய் அப்படியே இருக்கும். மாதாமாதம் கூடுதல் காசு கொடுத்து நோயை மூடி வைப்பதுதான் மிச்சம்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் கலவையில் காற்று அதிகம், இன்ஜின் சூடாக ஓடுகிறது. கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் எரிகிறது அல்லது பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பிளக்கின் மேல் உள்ள எண் மேனுவலில் உள்ள எண்தானா என்றும் ஒப்பிடுங்கள். கடையில் "இதுவும் அதே சைஸ்தான்" என்று மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மரை சரியாக உட்காரும். வெப்பத்தைக் கடத்தும் அளவு மாறினால் முனை பழுத்து, ஸ்பார்க் விழும் முன்பே கலவையைக் கொளுத்திவிடும்.

அடுத்து ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் அளவு, கூலன்ட் உள்ள வண்டியில் கூலன்ட். காற்றில் குளிரும் இன்ஜினின் செதில்களுக்கு நடுவே சேறு அப்பியிருந்தால் கழுவிவிடுங்கள். வயல் பக்கம் ஓடும் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். சேறு மூடிய இன்ஜின் சூட்டை வெளியே விடாது, சூடான இன்ஜின் சீக்கிரம் நாக் அடிக்கும்.

நிறைய ஓடிய வண்டியில் பிஸ்டன் தலையில் கார்பன் படிந்திருக்கும். அது இடத்தை அடைப்பதால் கம்ப்ரஷன் தானாகவே கூடிவிடும். போதாக்குறைக்கு, சூடேறிய கார்பன் துண்டு தானே தீ வைக்கும். புதிதில் 91-ல் அமைதியாக ஓடிய வண்டி பத்து வருடம் கழித்துச் சத்தம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு மருந்து மெக்கானிக்கிடம் இருக்கிறது, பங்கில் இல்லை.

7. நாக்கிங்கைக் காதால் பிடியுங்கள்

தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் வரும் சத்தம் தெரியுமா, அதுதான். இன்ஜின் சூடான பிறகு, பாரம் ஏறும்போது, ஆக்சிலேட்டரைத் திருகிய அந்த நொடியில் வரும். கையை லேசாகத் தளர்த்தினால் உடனே நின்றுவிடும்.

வால்வைத் திறக்கும் இடத்தில் வரும் டேப்பெட் சத்தம் அப்படி இல்லை. வண்டி சும்மா நிற்கும்போதும் டிக் டிக் என்று சீராக வரும், வேகம் கூடினால் அதுவும் கூடும். செயின் சத்தம் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் சக்கரம் உருளும்வரை வரும். சைலன்சர் மேல் தகட்டின் ஸ்குரூ தளர்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சிலிர்க்கும். இவற்றை எல்லாம் நாக்கிங் என்று நினைத்து 97 போடுபவர்கள் உண்டு. டேப்பெட்டுக்கு ஆக்டேன் கேட்காது.

சோதிக்க ஏற்றம் வேண்டும். நம் ஊர் சமதரை, பாலங்கள் குட்டையானவை. கடலூரில் இருப்பவர்களுக்குக் கேப்பர் மலை ஏற்றம் நல்ல இடம். புதுச்சேரிக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து குயிலாப்பாளையம் பக்கம் ஏறலாம். பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள், பாரம் முக்கியம். ஏப்ரல், மே மாத வெயிலில், கடல் காற்று இறங்கும் முன்பு, நண்பகலில் போனால் வண்டியின் மோசமான நிலை தெரிந்துவிடும். அங்கே சத்தம் வரவில்லை என்றால் மார்கழிக் காலையில் வரவே வராது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால்தான் நாக்கிங் எளிதாக வரும்.

இருபது நிமிடமாவது ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிய பிறகு ஏற்றத்துக்கு வாருங்கள். 150 சி.சி. வண்டி என்றால் நான்காவது கியரில் 35, 40 வேகத்தில் ஏறியபடி ஆக்சிலேட்டரை முழுதாகத் திறவுங்கள். இரண்டு மூன்று நொடி போதும். சத்தம் கேட்டால் உடனே கையைத் தளர்த்துங்கள். திரும்பத் திரும்ப நாக் அடிக்க வைத்து மகிழ வேண்டாம், பிஸ்டன் பாவம். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சாலையோரம் நீளமான காம்பவுண்டுச் சுவர் இருந்தால் அதை ஒட்டி ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, ஹெல்மெட்டுக்குள்ளும் தெளிவாகக் கேட்கும்.

இப்போது முக்கியமான பகுதி. சத்தம் வந்ததா? ஒரு கியர் குறைத்து அதே ஏற்றத்தில் மறுபடி ஏறுங்கள். சத்தம் போய்விட்டால் குறை பெட்ரோலில் இல்லை, ஓட்டும் விதத்தில் இருக்கிறது. மைலேஜ் வரும் என்று டாப் கியரில் 25 வேகத்தில் திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் இழுத்துக்கொண்டு போவது நம்மவர் பழக்கம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தீ பரவி முடிய நேரம் போதாமல் இல்லை, தேவைக்கு மேல் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடேறித் தானாக வெடிக்கிறது. கியரைக் குறைப்பதற்குக் காசு இல்லை.

கியர் குறைத்தும் சத்தம் இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

8. டேங்க் மாற்றிச் சோதியுங்கள்

டேங்கில் பாதி நார்மல் இருக்கும்போது மேலே 97 ஊற்றினால் கிடைப்பது 97 இல்லை. எண் கலவையின் அளவுக்கு ஏற்றபடி நடுவில் நிற்கும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறக்குறைய நடு எண்தான் வரும். கலப்பதால் வண்டிக்குக் கெடுதல் எதுவும் இல்லை, சோதனைதான் கெடும். அதனால் ரிசர்வ் வரும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். முதல் டேங்கைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய மிச்சம் அதில் இருக்கும். இரண்டாவது டேங்கில் அதே ஏற்றம், அதே பாரம், அதே நண்பகல்.

மைலேஜும் பார்ப்பதாக இருந்தால் டேங்க் ஃபுல்லில் இருந்து டேங்க் ஃபுல்வரை ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு முறையும் அதே பங்கு, அதே பம்பு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாசில் தானாக நிற்கும் முதல் 'டக்'கோடு நிறுத்தச் சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் அளவு மாறிவிடும். "நூறு ரூபாய்க்குப் போட்டேன், நாலு நாள் வந்தது" என்பது மைலேஜ் கணக்கு இல்லை.

காசுக் கணக்கு எளிது. பேச்சுக்கு நார்மல் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நார்மலில் லிட்டருக்கு 50 ஓடும் வண்டி, பிரீமியத்தில் 54 ஓடினால்தான் காசு சமன். 91 கேட்கும் வண்டியில் அந்த நாலு கிலோமீட்டர் வந்து நான் பார்த்ததில்லை. "பிக்கப் கூடிடுச்சு அண்ணே" என்பவர்களிடம் நோட்டைக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவார்கள்.

9. முடிவு

மேனுவல் 91 என்கிறது, ஏற்றத்தில் சத்தம் இல்லை: நார்மல். எப்போதும் நார்மல். வருடத்துக்கு ஒருமுறை "இன்ஜின் கிளீன் ஆகட்டும்" என்று ஒரு டேங்க் பிரீமியம் போடுவதும் வேண்டாம். சேர்மானத்தின் வேலை தொடர்ந்து போட்டால்தான் தெரியும், ஒரு டேங்கில் எதுவும் நடக்காது.

மேனுவல் 95 என்கிறது: இ20 நார்மலே தர விதிப்படி அந்த அளவைத் தொடுகிறது, வண்டியும் இ20-க்கு ஏற்றது என்றால் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். கோடையில் பின்னால் ஆளும் பையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் விரட்டுபவர் என்றால் 97 போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே பிரீமியம் வீண் செலவு இல்லை.

மேனுவல் 91 என்கிறது, எல்லாம் சரிசெய்தும் சத்தம் நிற்கவில்லை: தற்காலிகமாக நார்மலை விடக் கூடிய எண்ணைப் போட்டு ஓட்டுங்கள், அதே வாரத்தில் இன்ஜினைத் திறந்து கார்பன் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட் சீவிய ஆர்.எக்ஸ்.100, ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மாற்றிய டியூக் போன்றவற்றுக்கு மேனுவல் செல்லாது. வேலை செய்தவர் சொல்லும் எண்தான். அவர் எண் சொல்லத் தயங்கினால், அந்த வேலையைப் பற்றியே எனக்குச் சந்தேகம் வரும்.

ஏற்காடு போகிறோம், 100 போடலாமா என்று கேட்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும். அங்கே வண்டி கேட்கும் ஆக்டேன் கடலூரில் கேட்பதை விடக் குறைவு. ஏறும்போது சரியான கியரில் ஏறினால் போதும்.

10. பங்கில் நிற்கும்போது

எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், விலையைப் பாருங்கள், ஜீரோவைப் பாருங்கள். நாசில் எந்தப் பம்பில் இருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒரே மிஷினில் இரண்டு வகையும் இருக்கும். கூட்ட நேரத்தில் மாறிப் போவது நடக்கும்.

லாரியில் இருந்து நிலத்தடித் தொட்டிக்குப் பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்குக்குப் போங்கள். அடியில் கிடக்கும் வண்டலும் தண்ணீரும் அப்போது கலங்கி மேலே வரும்.

சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் தடமில்லாமல் ஆவியாகும். எண்ணெய்த் திட்டாகக் கறை நின்றால் அதில் வேறெதோ கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சடாரென்று இறங்கும், நேற்றுவரை அமைதியாக ஓடிய வண்டி இன்று நாக் அடிக்கும். ஒரு குறிப்பிட்ட பங்கில் நிரப்பிய பிறகுதான் சத்தம் என்றால் முதலில் பங்கை மாற்றுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

விடிகாலையில் நிரப்பினால் அதிகம் கிடைக்கும் என்பது வெறும் பேச்சு. தொட்டி பூமிக்குள் இருக்கிறது. அங்கே காலையும் மதியமும் ஏறக்குறைய ஒரே சூடு.

கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், மூச்சுக் குழாய் வழியாக வழியும்.

11. ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் கவனம்

வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரையில் கொட்டும்போது ஆக்டேனுக்குப் புதிய எதிரி வருகிறது: தண்ணீர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருத்தெருவாக வண்டிகள் நீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் வெளியே தெரியாது. அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே மிஞ்சுவது எத்தனாலை இழந்த பெட்ரோல். அதன் ஆக்டேனும் கூடவே இறங்கிப் போயிருக்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதோ டேங்கின் அடியில் இருந்து. ஸ்டார்ட் ஆகி உடனே அணைவது, இழுக்கும்போது விக்குவது, காலையில் ஒரேயடியாக மறுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். இதற்கு 97 தீர்வு இல்லை.

தண்ணீர் எல்லா நேரமும் பங்கில் இருந்து வருவதில்லை. டேங்க் மூடியைத் திறந்து, அதைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மேலே விழும் மழைநீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கிக் கீழே போக வேண்டும். மண்ணும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால், பள்ளத்தில் நீர் தேங்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது நேராக டேங்குக்குள் போகும். மழைக்கு முன்பே மெல்லிய நைலான் நூலையோ கேபிள் இழையையோ விட்டுத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அடுத்த முறை பங்கில் மூடியைத் திறக்கும் முன், துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கைக் காலியாக விடாதீர்கள். காலி இடத்தில் ஈரக்காற்று நிற்கும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

டேங்கில் தண்ணீர் புகுந்தது என்ற சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். வெளியில், தீ எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், இன்ஜின் ஆறிய பிறகு. பத்து நிமிடம் வைத்தால் அடியில் தனி அடுக்காகக் கோடு தெரியும். எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் பம்பு டேங்குக்குள் இருக்கிறது, மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. டேங்கை முழுவதும் வடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போதுதான் நிரப்பினீர்கள், உடனே கோளாறு என்றால் பில்லோடு பங்குக்குப் போங்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பசை தடவிய அளவுகோலை இறக்கிப் பார்க்கும் முறை அவர்களிடம் உண்டு, அதைக் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். டேங்கை வடித்த பிறகு வேறு பங்கில் இரண்டு லிட்டர் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். விக்கல் நின்றால் மீதியை நிரப்பிக்கொள்ளலாம்.